முகப்பு இருக்கட்டும், தரை எப்படி?

நம் சங்கம் கட்டவிருக்கும் இசை, நடன உயர்நிலைப் பள்ளியின் வரைபடத்தைச் சென்ற பொதுக்குழுவில் மாட்டி வைத்திருந்தார்கள். கோபுர வடிவில் முகப்பு, வாசலில் கருங்கல் தூண்கள், உள்ளே முழுக்க கிரானைட் தரை. எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகு மனம் உறுத்தியது. நான் ஆர்க்கிடெக்ட் அல்லன். டிப்ளமா முடித்து முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன். அந்த உரிமையில் சில வார்த்தைகள்.

முதலில் தரை. கான்கிரீட் ஸ்லீப்பர் மீது தண்டவாளத்தை நாங்கள் நேரடியாக வைப்பதில்லை; நடுவே ஒரு ரப்பர் பட்டை உண்டு. வண்டியின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். இரும்புக்கே இந்த மரியாதை என்றால், தட்டடவை மூன்று காலத்திலும் ஆடும் பத்து வயதுக் குழந்தையின் முழங்காலுக்கு வேண்டாமா? என் பேத்தி நான்கு வருடம் ஒரு வகுப்பில் கிரானைட் மேல் ஆடினாள். கால் வலிக்கிறது என்று போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தரையில் ஆடுகிறாய்?" என்பதுதான்.

ரப்பர் மேல் மரச்சட்டம், அதன் மேல் பலகை, அடியில் காற்றோட்டம்: இவ்வளவுதான் வேண்டும். மும்பை மழையில் பலகை உப்பும். எனவே சுவரோரம் அரை அங்குலம் விட வேண்டும், பழைய தண்டவாள இணைப்பில் விட்டது போல. ஆனால் இதற்கு நடன அறையின் தளத்தை நான்கு அங்குலம் இறக்கிப் போட வேண்டும். கான்கிரீட் போடும் முன்பே முடிவு செய்தாக வேண்டிய விஷயம் இது.

அடுத்து ஓசை. பன்னிரண்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரம் உள்ள பாட்டு அறையை எடுத்துக்கொள்வோம். வெறும் சிமெண்ட் சுவரும் கல் தரையும் ஓசையில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். 1895இல் ஹார்வர்டில் ஆராயத் தொடங்கிய சபீன் தந்த சூத்திரப்படி கணக்கிட்டால், எழும் ஓசை அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆகிறது. ஐந்து விநாடிக்குள் எத்தனை ஸ்வரங்கள் வந்துவிடும்! சுருதி பிசகினால் மாணவிக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது. கூரையில் பாதிக்குச் சற்று மேல், ஓசையை நன்கு உறிஞ்சும் பலகை பதித்தால் அது ஒரு விநாடியாகக் குறையும். மிருதங்க அறைக்கும் வீணை அறைக்கும் நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வையுங்கள். கதவின் அடியில் இடுக்கு இருந்தால் அந்தச் சுவரும் வீண்.

வாத்தியங்களைத் தரைத்தளத்தில் வைக்கும் திட்டத்தையும் மாற்ற வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்துவிடக் கூடாது. வீணையும் மிருதங்கமும் மாடியில், ஈரம் ஏறாத அலமாரியில் இருக்கட்டும்.

கடைசியாக வழி. நம் சண்முகானந்தா அரங்கம் 1990இல் தீக்கிரையாகி, 1998இல்தான் மீண்டும் திறந்தது. 1997இல் டில்லி உபஹார் திரையரங்கில் 59 உயிர்கள் போயின. வரைபடத்தில் நம் அரங்குக்கு ஒரே வாசல். கதவும் உள்பக்கம் திறக்கிறது. எதிரெதிரே இரண்டு வாசல்கள், வெளியே திறக்கும் கதவுகள், நிகழ்ச்சி நடக்கும்போது பூட்டில்லை என்ற விதி, இம்மூன்றும் இல்லாமல் அஸ்திவாரம் தோண்ட வேண்டாம்.

"கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் நன்கொடை வரும்" என்கிறார்கள் குழுவினர். உண்மைதான். கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சம் மறையும்படி உபயதாரர் பெயர் எழுதியவர்கள்தானே நாம்! தரைக்கும் உபயதாரர் பெயர் போட்டால் போகிறது. முகப்பைப் பத்து வருடம் கழித்தும் கட்டலாம். குழந்தையின் முழங்காலை அப்படிப் பிறகு பார்த்துக்கொள்ள முடியாது. நடன ஆசிரியை ஒருவரையும் மிருதங்க வித்வான் ஒருவரையும் கட்டடக் குழுவில் உட்கார வைத்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.