பறவைகள் வந்தன, பழி பெண்மேல் விழுந்தது

இம்மாதம் ஒரு பழைய ஆங்கிலத் திரைப்படத்தைப் பற்றிக் கதைப்போம். பெயர் ‘த பேர்ட்ஸ்’, அதாவது ‘பறவைகள்’. அல்பிரட் ஹிட்ச்கொக்கின் நெறியாள்கையில் 1963 இல் வெளிவந்தது. பேயோ பிசாசோ இல்லாத பயங்கரப் படம் இது. நாம் நாளாந்தம் காணும் காகமும் குருவியும் கடற்பறவையும் ஒருநாள் மனிதரைத் தாக்கத் தொடங்கினால் என்னவாகும் என்பதுதான் கதை.

மெலனி என்ற இளம்பெண் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து பொடேகா பே என்ற சிறிய கடற்கரை ஊருக்கு வருகிறாள். தனக்கு அறிமுகமான மிட்ச் என்பவனின் தங்கைக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு சோடி லவ் பேர்ட்ஸ் கொண்டு வருகிறாள். வந்த அன்றே கடற்பறவை ஒன்று அவளது நெற்றியில் மோதிக் காயப்படுத்துகிறது. மறுநாள் பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் தாக்கப்படுகிறார்கள். அன்றிரவே புகைபோக்கி வழியாகக் குருவிகள் கூட்டமாக வீட்டுக்குள் கொட்டுகின்றன. பிறகு பாடசாலைப் பிள்ளைகளைக் காகங்கள் துரத்துகின்றன. பறவைகளுக்கு ஏன் இந்தக் கோபம் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை.

இப்படத்தின் மூலக்கதையை எழுதியவர் டப்னி டு மோரியே என்ற ஆங்கிலேயப் பெண் எழுத்தாளர். அது 1952 இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையோரத்தில் நடக்கும் அக்கதையின் நாயகன், போரினால் உடல் இயலாமைக்குள்ளாகி ஓய்வூதியம் பெறும் ஒரு பண்ணைத் தொழிலாளி. பறவைகளுக்குப் பயந்து யன்னல்களுக்குப் பலகை அடிக்கும்போது, பிளிமத் நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளான நாட்கள் அவனுக்கு நினைவுக்கு வருகின்றன. வானத்தைப் பார்த்துப் பயந்து வாழ்ந்தவர்களுக்கு இக்கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. படத்தில் பின்னணி இசையே கிடையாது. இலத்திரனியல் கருவியில் உருவாக்கிய சிறகடிப்பும் கிறீச்சிடலும் மட்டுமே கேட்கும். அவ்வாறான சத்தங்கள் மனதைக் குழப்பும் என்றால் இப்படத்தைப் பார்க்கவே வேண்டாம். நான் இங்கு சொல்ல வருவது ஒரு காட்சியைப் பற்றியது. அதற்குக் கதை தெரிந்தால் போதும்.

ஊரின் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். பறவைகளைப் பற்றிப் படித்த ஒரு மூதாட்டி, இப்படி நடக்கவே முடியாது என்று அடித்துச் சொல்கிறார். குடிபோதையில் இருப்பவர், உலகம் அழியப் போகிறது என்கிறார். சிறிது நேரத்தில் வெளியே பறவைகள் பாய்கின்றன. எரிபொருள் பற்றித் தீ மூள்கிறது. எல்லாம் ஓய்ந்தபின், நடைபாதையில் பெண்கள் ஒடுங்கிப்போய் நிற்கிறார்கள். அவர்களில் இரண்டு பிள்ளைகளின் தாயான ஒருத்தி மெலனியைப் பார்த்துக் கத்துகிறாள். நீ வந்த பிறகுதான் இதெல்லாம் தொடங்கியது, நீதான் காரணம், நீ ஒரு தீய சக்தி என்ற கருத்துப்படப் பேசுகிறாள். மெலனி அவளுடைய கன்னத்தில் அறைகிறாள்.

அந்தத் தாய் கெட்டவள் அல்ல. தன் பிள்ளைகளை நினைத்து நடுங்கிப் போயிருக்கிறாள். காரணம் தெரியாத துன்பத்தைத் தாங்குவது கடினம். ஒருவர் மேல் விரலை நீட்டிவிட்டால் மனம் கொஞ்சம் ஆறுகிறது. அந்த விரல் பலம் உள்ளவர்களை நோக்கி நீளுவதில்லை. ஊருக்குப் புதியவள், தனியாக வந்தவள், கேட்பதற்கு ஆள் இல்லாதவள் ஆகியோரை நோக்கியே நீளுகிறது. சமூகவியலில் இதனைப் பலிக்கடா ஆக்குதல் என்போம்.

எமது ஊர்களில் இதற்கு வேறு சொற்கள் உண்டு. ‘இவள் கால் வைத்த நேரம்’ என்பார்கள். ‘முழுவியளம் சரியில்லை’ என்று படலையடியில் நின்ற பெண்ணைப் பார்த்துத் திரும்பிப் போவார்கள். கணவன் எறிகணையில் இறந்திருந்தாலும் மருமகளின் சாதகத்தைக் குறை சொல்வார்கள். களப்பணியில் இச்சொற்களை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். வேதனை என்னவென்றால், அவற்றைக் கேட்டுக் கேட்டுச் சில பெண்கள் தாங்களே அதை நம்பியும் விடுகிறார்கள்.

உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1961 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் கபிடோலா கரையோரத்தில், ஓர் இரவில் பெருந்தொகையான கடற்பறவைகள் வீடுகளின் மேல் மோதி விழுந்தன. அச்செய்தி ஹிட்ச்கொக்கின் கவனத்தையும் ஈர்த்தது. ஏறத்தாழ 50 ஆண்டுகளின் பின்னர், அக்காலத்தில் எடுத்துப் பாதுகாக்கப்பட்ட கடல் மாதிரிகளை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். அவற்றில் நஞ்சை உண்டாக்கும் நுண்ணிய பாசி வகை நிறைந்திருந்தது. அந்த நஞ்சு மீன்கள் வழியாகப் பறவைகளின் உடலில் சேர்ந்து மூளையைத் தாக்கியிருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. ஆக, காரணம் கடலுக்குள் இருந்தது. யாருடைய வரவும் அதற்குக் காரணமல்ல.

இப்படத்துக்குப் பின்னால் இன்னொரு கதையும் இருக்கிறது. மெலனியாக நடித்த ரிப்பி ஹெட்ரென் விளம்பர அழகியாக இருந்து நடிக்க வந்தவர். மேல்மாடி அறையில் பறவைகள் அவரைத் தாக்கும் காட்சிக்கு இயந்திரப் பறவைகளே பயன்படும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஐந்து நாட்கள் உயிருள்ள பறவைகளை அவர் மேல் வீசினார்கள். கண்ணுக்கு அருகே காயம் பட்டது. வைத்தியர் ஓய்வெடுக்கச் சொல்லும் அளவுக்குச் சோர்ந்து போனார். ஹிட்ச்கொக் தன்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததையும், மறுத்ததால் தனது தொழிலைக் கெடுத்ததையும் 2016 இல் வெளியான தனது சுயசரிதையில் அவர் எழுதினார். ஹிட்ச்கொக் 1980 இலேயே இறந்துவிட்டார். ஒரு பெண் வாய்திறக்க எத்தனை காலம் எடுக்கிறது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம். பிந்திச் சொன்னாள் என்பதற்காக அது பொய்யாகிவிடாது.

படத்தில் என் மனதில் நிற்பவள் மிட்சின் தாய் லிடியா. கணவனை இழந்தவள். மகனும் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்ற பயத்தில், மெலனியை அவளுக்குப் பிடிப்பதில்லை. குருவிகள் வந்துபோன பின், உடைந்த கோப்பைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறாள். கணவனின் படத்தை நேராக்குகிறாள். மறுநாள் அயலவரின் சடலத்தைக் கண்டு பேச்சிழந்து வந்து படுத்துவிடுகிறாள். அப்போது அவளுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பவள் மெலனிதான். அந்தத் தேநீரோடுதான் லிடியா வாய்திறக்கிறாள். கணவனைப் பற்றியும், தனக்குத் தைரியம் போதாது என்றும் சொல்கிறாள். படத்தின் இறுதியில், காயப்பட்டுச் சித்தம் கலங்கிய மெலனியை வாகனத்தில் அணைத்து வைத்திருப்பவளும் லிடியாதான். பறவைகள் இன்னும் சுற்றிவரக் குந்தியிருக்கின்றன. ஆபத்து நீங்கவில்லை. ஆனால் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விளங்கிக்கொண்டுவிட்டார்கள்.

உங்கள் அயலில் ஒரு துயரம் நடந்து, ‘இவள் வந்த நேரம்’ என்று யாராவது தொடங்கினால் அந்தக் கதையை அங்கேயே நிறுத்தப் பாருங்கள். நிறுத்த முடியாவிட்டாலும் அதை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். முடிந்தால் தேத்தண்ணி ஒன்று போட்டுக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் சற்று நேரம் இருங்கள்.