உப்பு அடங்கட்டும், மோதிரம் பேசும்!

செங்கல்பட்டிலிருந்து ஒரு ஃபைனல் இயர் ஈ.சி.ஈ. நண்பர் எழுதியிருக்கார்: "சார், காலேஜ்ல சேர்ந்தப்போ அம்மா தன் விரல்ல இருந்து கழற்றிப் போட்டுவிட்ட அரைப் பவுன் மோதிரம். போன வாரம் மாமல்லபுரம் பீச்ல குளிக்கும்போது நழுவிடுச்சு. வீட்டுல இன்னும் சொல்லலை. ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கி ப்ராஜெக்ட்டுக்குச் செஞ்ச பல்ஸ் இண்டக்‌ஷன் மெட்டல் டிடெக்டரோட போனோம். காய்ஞ்ச மணல்ல சூப்பர். ஈர மணலுக்குப் போனா ஒரே கூச்சல். என்ன பண்றது?"

முதல்ல வீட்டுல சொல்லிடுங்க பாஸ். அப்புறம் சர்க்யூட்டைப் பார்ப்போம்.

உங்க டிடெக்டர் காயில்ல கரண்ட் கொடுத்து டக்குனு நிறுத்துது. காந்தப்புலம் சரிஞ்சதும், பக்கத்துல இருக்கும் உலோகத்துல சுழல் மின்னோட்டம் கிளம்பும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடிச்ச அதே சமாச்சாரம். உப்புத் தண்ணியும் மின்சாரம் கடத்துமே, அதுலயும் கிளம்பும். ஆனா தங்கம் கடல் நீரைவிடப் பல லட்சம் மடங்கு நல்ல கடத்தி. உப்போட சத்தம் சில மைக்ரோ செகண்ட்ல அடங்கிடும்; மோதிரத்தோடது இன்னும் கொஞ்ச நேரம் சுத்தும். அதனால கரண்ட் நின்னதும் அவசரப்பட்டுக் கேட்டா உப்புதான் கத்தும். பொறுத்துக் கேட்டா மோதிரம் பேசும். அந்தப் பொறுமைக்குப் பேர்தான் 'டிலே'.

"அப்போ டிலேயை எக்கச்சக்கமா ஏத்திடலாமே?" அங்கதான் சிக்கல். மெல்லிய தங்கமும் சீக்கிரம் அடங்கிடும். ரொம்பப் பொறுத்தா உப்போட சேர்ந்து மோதிரமும் மௌனம். மெல்லிசு செயின் இன்னும் மோசம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியா சின்னதாத்தான் பேசும். உங்களோடது முழு வளையம்கிறது ஒரு அதிர்ஷ்டம்.

செய்ய வேண்டியது இதுதான். டிலேயை 10 மைக்ரோ செகண்ட்ல வைங்க. ஈர மணல் மேல காயிலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. இறக்கும்போது சத்தம் ஏறினா, டிலே பொட்டைத் துளித்துளியா கூட்டுங்க. பொதுவா 15-க்குள்ள அடங்கிடும். அடங்கின இடத்துல நிறுத்திட்டு, அதே எடையில ஒரு மோதிரத்தை நூல்ல கட்டி மணல்ல போட்டுச் சோதிங்க. அது கேட்கலைன்னா டிலேயைக் குறைங்க. மிச்சம் இருக்கும் உப்புச் சத்தத்துக்கு கெய்னைக் கொஞ்சம் இறக்குங்க. த்ரெஷோல்டு கொசு ரீங்காரம் மாதிரி லேசா கேட்டாப் போதும்.

காயிலை ஒரே உயரத்துல, அலைக்கரைக்கு இணையா வீசுங்க. தண்ணி பக்கமும் மேடு பக்கமும் மாத்தி மாத்தி வீசினா ஈரம் மாறும், சத்தமும் மாறும். நீர் இறங்கும் நேரமாப் பார்த்துப் போங்க, முழங்காலுக்கு மேல் இறங்காதீங்க. இன்னொண்ணு, இந்த மெஷினுக்குத் தங்கமும் தகரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சோடா மூடி நிறைய வரும், சளைக்காதீங்க.

கடைசியா ஒரு விஷயம். கடற்கரைக் கோயில் பக்கம் பாதுகாக்கப்பட்ட இடத்துல தொல்லியல் துறை அனுமதியில்லாம தோண்டக் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமி மணலை அரிச்சப்போ சாளுவன்குப்பத்துல ஒரு பாறைக் கல்வெட்டு வெளியே தெரிஞ்சது. அதைப் பிடிச்சு 2005-ல் தோண்டினப்போதான் புதைஞ்சு கிடந்த முருகன் கோயில் கிடைச்சது. எந்த அடுக்குல எது கிடந்ததுங்கிறதுதான் அங்கே வரலாறு. அவசரமா ஒரு பழைய காசைப் பிடுங்கினா காசு மட்டும்தான் கைக்கு வரும், கதை போயிடும். 1878 புதையல் சட்டப்படி, மண்ணுல புதைஞ்சு கிடைச்சது பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். 2019-லிருந்து அந்த கலெக்டர் ஆபீஸ் உங்க செங்கல்பட்டுலயே இருக்கு!

மோதிரம் உங்க அம்மாவோடது, தேடுங்க. கிடைச்சா எங்களுக்கும் ஒரு வரி. கிடைக்கலைன்னாலும் எழுதுங்க... அம்மா என்ன சொன்னாங்கன்னு!