கம்பி பொய் சொல்லாதாம்!

சென்ற இதழில் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் பொரிந்து தள்ளியிருந்தார். அம்பாறைக் கரையோரத்து ஆலைகளுக்கும் நீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் ஃபீல்ட்பஸ், ஹார்ட் என்று டிஜிட்டலில் பேசும் கருவிகளும் வலையமைப்பும் எதற்கு என்பது அவர் கேள்வி. ஒரு கருவிக்கு ஒரு சோடி வயர், அதில் 4 முதல் 20 மில்லி அம்பியர் மின்னோட்டம், சந்தேகம் வந்தால் ஒரு மல்ற்றிமீற்றர்: இது போதுமாம். கம்பி பொய் சொல்லாதாம். மிச்சமெல்லாம் வெளிநாட்டுக் கம்பனிகள் நம் தலையில் கட்டப் பார்க்கும் சரக்காம்.

நானும் வளைகுடாவில் இந்தக் கருவிகளோடு மாரடித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன்தான். கம்பனிக்காரர்கள் தலையில் கட்டும் சரக்கு எது என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் ஐயாவின் கட்டுரை முழுவதையும் தாங்கி நிற்கிற அந்த ஒரு வசனம், கம்பி பொய் சொல்லாது என்பது, கடலோரத்தில் வேலை செய்த எவரும் எழுதத் துணியாத வசனம்.

நம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். புழுங்கலுக்கு நெல் அவிக்க, உமி எரிக்கும் கொதிகலன். ஆலைக்கார ஹாஜியார் கூப்பிட்டுக் காட்டினார். “என்ன தம்பி இது, பொயிலர்ல ஒண்டு காட்டுது, போர்ட்ல ஒண்டு காட்டுது?” கொதிகலன் தலையிலிருந்த முள் மீற்றரில் 6 பார். அறைக்குள் இருந்த பலகையில் 6.7. மல்ற்றிமீற்றரைத் தொடரில் போட்டுப் பார்த்தால் 14.7 மில்லி அம்பியர். 0 முதல் 10 பார் வரை அளந்து 4-20 மின்னோட்டமாக அனுப்புகிற ட்ரான்ஸ்மிற்றருக்கு 14.7 என்றால் 6.7 பார்தான். கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஐயா அங்கே நின்றிருந்தால் முள் மீற்றரைக் கழற்றி வீசச் சொல்லியிருப்பார்.

ஹார்ட் கையடக்கக் கருவியை அதே இரண்டு வயர்களில் மாட்டினேன். ட்ரான்ஸ்மிற்றர் வேறு கதை சொன்னது: அழுத்தம் 6 பார், நான் எடுக்கிற மின்னோட்டம் 13.6. அப்படியென்றால் மிச்சம் 1.1 எங்கிருந்து வந்தது? மூடியைத் திறந்தோம். முனைகளில் பச்சை பூத்திருந்தது. அடியில் ஒரு கரண்டி தண்ணீர், உப்பும் துருவும் கலந்து. கேபிள் நுழைகிற கிளாண்டை எவரோ அரைகுறையாக இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு முனைகளுக்கும் நடுவே அந்தத் தண்ணீர் வழியாக 1.1 மில்லி அம்பியர் கசிந்துகொண்டிருந்தது. ட்ரான்ஸ்மிற்றர் தன்னூடாகப் போகும் மின்னோட்டத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். பக்கத்தால் கசிவது அதன் பொறுப்பில் இல்லை. இரண்டும் கூடித்தான் பலகைக்குப் போகிறது. ஐயா தலையில் வைத்துக் கொண்டாடும் மல்ற்றிமீற்றரும் அந்தக் கூட்டுத்தொகையைத்தான் காட்டும். பொய்யை ஒரு தசமதானத் துல்லியத்தோடு காட்டும். இதற்கிடையில் நெல் அரைவேக்காட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

அங்கே உண்மை சொன்னது அந்த வயரில் ஏறி வந்த டிஜிட்டல் செய்தி. நல்லகாலம், முள் மீற்றர் ஒன்றும் பக்கத்தில் இருந்தது. ஹாஜியாருக்கும் கண் இருந்தது. இரண்டும் இல்லாத இடங்களை எண்ணிப் பாருங்கள்.

இது ஏதோ ஊர்க் கொதிகலன் விவகாரம் என்று தட்டிக்கழிக்க வேண்டாம். 2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சாஸ் சிற்றியில் பி.பி. சுத்திகரிப்பு ஆலை. கோபுரம் ஒன்றில் திரவம் ஏறிக்கொண்டே போகிறது. மட்டத்தை அளக்கும் ட்ரான்ஸ்மிற்றரோ மட்டம் மெல்ல இறங்குவதாகக் காட்டுகிறது. சில அடி உயரத்தில் நிற்கவேண்டிய திரவம் நூற்றைம்பது அடிக்கு மேல் ஏறி, வழிந்து, ஆவியாகித் தீப்பற்றியது. 15 பேர் செத்தார்கள். அந்தக் கருவியின் அளவீடு பழைய தரவை வைத்துச் செய்யப்பட்டிருந்தது என்று விசாரணையில் வெளிவந்தது. சமிக்ஞை எல்லைக்குள்ளேதான் இருந்தது; திரையில் வந்த எண்ணும் நம்பத்தக்க எண்தான். டிஜிட்டல் வலையமைப்பு மட்டும் இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே வேலை செய்யாத எச்சரிக்கை மணியும் நாட்கணக்கில் ஓய்வில்லாமல் நின்ற ஆட்களும் காரணத்தில் சேர்த்தி. ஆனால் ‘கம்பி பொய் சொல்லாது’ என்று எழுதுகிற கைக்கு இந்த ஒரு சம்பவமாவது தெரிந்திருக்க வேண்டாமா?

பூச்சியத்தில் தொடங்காமல் 4இல் தொடங்குவதால் வயர் அறுந்தால் உடனே தெரிந்துவிடும் என்று ஐயா பெருமைப்படுகிறார். உண்மை, அது அழகான ஏற்பாடு. 3.6க்குக் கீழே போனால் கருவிக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம் என ஐரோப்பாவின் நாமூர் அமைப்பு பரிந்துரையே வைத்திருக்கிறது. ஆனால் மரணச் சான்றிதழ் மட்டும் எழுதத் தெரிந்த வைத்தியரை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடத்த முடியாது. அதே நாமூர் பிறகு கருவியின் நிலையை நான்காகப் பிரித்தது: பழுது, சோதனையில் உள்ளது, அளவெல்லைக்கு வெளியே, பராமரிப்பு தேவை. இந்த நான்கையும் 4-20 மின்னோட்டத்தால் சுமக்க முடியாது. அது சுமப்பது ஒரே ஒரு எண். அந்த எண்ணை நம்பலாமா என்ற செய்திக்குத்தான் டிஜிட்டல் வேண்டும்.

அடுத்து, ஐயாவுக்குத் தெரியாமல் போன இன்னொரு செய்தி. அவர் வேண்டாம் என்கிற பொருளை அவரே வாங்கியாயிற்று.

1980களின் நடுப்பகுதியில் ரோஸ்மவுண்ட் கம்பனி உருவாக்கிய ஹார்ட் நெறிமுறை என்ன செய்கிறது? பழைய 4-20 மின்னோட்டத்தின் மேல் சின்னதாக ஒரு அலையை ஏற்றுகிறது, கூடக்குறைய அரை மில்லி அம்பியர். 1200 ஹேர்ட்ஸ் என்றால் ஒன்று, 2200 ஹேர்ட்ஸ் என்றால் பூச்சியம். அலையின் சராசரி பூச்சியம் என்பதால் பழைய அளவீடு கலங்காது. புது வயர் வேண்டாம். இன்று சந்தையில் விற்கிற நல்ல அழுத்த, மட்ட, ஓட்ட ட்ரான்ஸ்மிற்றர்களில் பெரும்பாலானவற்றில் இது உள்ளேயே வருகிறது. காசும் விலைக்குள் அடங்கிவிட்டது. வயரின் மறுமுனையில் இருக்கிற மலிவான உள்ளீட்டு அட்டைக்கு அதைக் கேட்கத் தெரியாது, அவ்வளவுதான். ட்ரான்ஸ்மிற்றர் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. தொடரில் 250 ஓம் தடை ஒன்று இருந்தால் ஒரு மொடத்தை மாட்டி மடிக்கணினியிலேயே வாசித்துவிடலாம். இதைத்தான் ஐயா வெளிநாட்டுச் சதி என்கிறார்.

ஒரே கேபிளில் 12 கருவிகளைத் தொங்கவிட்டால், அது அறுந்தால் 12ம் போய்விடும் என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கருவிக்கு ஒரு சோடி என்பது சந்திப்புப் பெட்டி வரைக்கும்தான், ஐயா. பெட்டியிலிருந்து கட்டுப்பாட்டறைக்கு 24 சோடிகளும் ஒரே தடித்த கேபிளுக்குள், ஒரே குழிக்குள்தான் போகின்றன. பெக்கோக்காரன் பக்கெட்டை இறக்கினால் 24ம் ஒன்றாகப் போகும். பிறகு எந்தச் சோடி எதற்குரியது என்று இலக்கத்தைத் தேடித் தேடிச் சேர்க்கவேண்டும். இலக்கப் பட்டிதான் முதலில் அழிந்திருக்கும். ஃபீல்ட்பஸ்ஸில் கிளைக் கேபிள் ஒன்று குறுஞ்சுற்றானால் அந்தக் கிளையை மட்டும் மட்டுப்படுத்தும் பாதுகாப்பு இணைப்புப் பெட்டியிலேயே உண்டு. மின்வழங்கியை இரட்டையாக வைக்கலாம். முக்கியமான இரண்டு வால்வுகளை ஒரே கேபிளில் போடாமல் விடுவது வடிவமைப்பவனின் வேலை. ஃபவுண்டேஷன் ஃபீல்ட்பஸ்ஸில் கட்டுப்பாட்டுக் கணக்கையே வால்வின் பொசிஷனருக்குள் வைக்கலாம். கட்டுப்பாட்டறைத் தொடர்பு போனாலும் ட்ரான்ஸ்மிற்றரும் வால்வும் தங்களுக்குள் பேசி வேலையைத் தொடரும். ஐயாவின் தனித்தனி வயர் இதைச் செய்யுமா?

பிறகு ஸ்டக்ஸ்நெட் பூச்சாண்டி. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த அந்தக் கணினிப் புழு ஈரானின் நதான்ஸ் நிலையத்து மையவிலக்கிகளைக் கெடுத்தது. அங்கே புரொஃபிபஸ் வலையமைப்பு இருந்தது. ஆகவே வலையமைப்பு ஆபத்து. தர்க்கம் இவ்வளவுதான். புழு புகுந்த வாசல் விண்டோஸ் கணினி. அங்கிருந்து சீமென்ஸ் மென்பொருள் வழியே, இயந்திரங்களை ஆட்டுவிக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினிக்குள் போனது. பி.எல்.சி. கைமாறிய பிறகு அதன் கட்டளை புரொஃபிபஸ்ஸில் போனால் என்ன, மில்லி அம்பியரில் போனால் என்ன? இயக்குநர்களின் திரையில் எல்லாம் வழமைபோல் ஓடுவதாகவே காட்டப்பட்டது. வலையமைப்பைப் பார்த்து நடுங்குகிறவர்கள் கட்டுப்பாட்டறைக் கணினியில் பாட்டுக் கேட்கப் பென் டிரைவ் செருகுகிற பழக்கத்தை முதலில் நிறுத்தட்டும். பல ட்ரான்ஸ்மிற்றர்களில் எழுத்துத் தடைக்கு ஒரு சின்ன ஆளியே உண்டு. அதைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து எவராலும் அமைப்பை மாற்ற முடியாது.

கட்டுரையில் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்த இடம் வேறு. நம்முடைய பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏறாது என்ற தொனி. கத்தாரிலும் சவூதியிலும் எண்ணெய், எரிவாயு ஆலைகளில் இந்தக் கரையோரத்துப் பொடியன்கள் கையில் ஹார்ட் கொம்யூனிகேற்றரோடு திரிகிறார்கள். கல்லோயாத் திட்டக் காலத்திலிருந்து அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஒலுவிலில் பொறியியல் பீடமே இருக்கிறது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி; சுருதிகளின் அதிர்வைக் கணக்கிட்டு யாழ் நூல் எழுதியவர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, 1200க்கும் 2200க்கும் வித்தியாசம் கேட்கத் தெரியாதவர்கள் என்று நம்மைச் சொல்ல ஐயாவுக்கு எப்படி மனம் வந்தது?

ஆள் குறைவு என்பதையே அவர் டிஜிட்டலுக்கு எதிரான நியாயமாகக் காட்டுகிறார். தலைகீழ்க் கணக்கு. நூறு டெக்னீசியன்கள் இருக்கிற ஆலையில் ஒவ்வொரு கருவியையும் முறை வைத்துக் கழற்றிச் சோதிக்கலாம். இரண்டு பேர் இருக்கிற நிலையத்தில் எந்தக் கருவிக்கு இன்றைக்குப் போகவேண்டும் என்பதைக் கருவியே சொல்லவேண்டும். கொண்டவட்டுவான் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் எத்தனை தாங்கிகள், பம்பிகள் தாண்டிக் கரையோர ஊர்களுக்கு வருகிறது! 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளிப் பக்கம் காரைதீவு - அம்பாறை வீதி நீருக்குள் கிடந்தது. அப்படியான நாளில் ஒரு மட்டக் கருவியின் எண்ணை நம்பலாமா என்று பார்க்க எவரை மல்ற்றிமீற்றரோடு அனுப்புவது?

டொலர் இல்லை என்பதும் அவர் கட்சி. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்ததை எவரும் மறக்கவில்லை. ஆனால் ஐயாவின் செப்புக் கேபிள் எங்கே விளைகிறது? நிந்தவூர் வயலிலா? காரணம் தெரியாமல் சந்தேகத்தின் பேரில் கழற்றி எறியப்படும் நல்ல ட்ரான்ஸ்மிற்றருக்கும் டொலரில்தான் மாற்று வாங்கவேண்டும். அந்த ஹாஜியாரின் ஆலைக்குத் தேவைப்பட்டது ஒரு புதுக் கிளாண்டும் முனை துடைக்க ஒரு துணியும்.

அவர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் முழுதாக ஒப்புக்கொள்கிறேன்: இந்தத் துறையின் நியமச் சண்டை வெட்கக்கேடானது. ஆளாளுக்கு ஒரு பஸ் என்று அடித்துக்கொண்டு, கடைசியில் ஐ.ஈ.சி. 61158 என்ற ஒரே நியமத்துக்குள் ஒன்றோடொன்று பேசாத எட்டு வகைகளைத் திணித்து வைத்தார்கள். வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் அது போன நூற்றாண்டு முடிகிற நேரத்துக் கதை. 2021இல் ஈதர்நெட்-ஏ.பி.எல். வந்துவிட்டது; அதே இரண்டு வயரில் மின்சாரமும் போகிறது, விநாடிக்கு 10 மெகாபிற் தரவும் போகிறது. பழைய எச்1 ஃபீல்ட்பஸ் ஓடியது 31.25 கிலோபிற் வேகத்தில். கால் நூற்றாண்டுக்கு முந்திய சண்டையைக் காட்டி இன்றைக்குக் கடையைப் பூட்டச் சொல்வது என்ன நியாயம்?

பத்துக் கருவி மட்டுமே இருக்கிற ஆலைக்கு ஃபீல்ட்பஸ் போடு என்று நான் சொல்லமாட்டேன். சொல்லுகிற விற்பனைக்காரனை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அங்கே ஹார்ட் போதும். மோட்டர் வேகக்கட்டுப்படுத்திக்கும் மின்மானிக்கும் 1979இல் பிறந்த மொட்பஸ் போதும். ஹிங்குராணை சீனித் தொழிற்சாலை மாதிரிப் பெரிய இடம் ஒன்றைப் புதிதாகக் கட்டினால் பேச்சு வேறு. இந்த வித்தியாசத்தை எழுதியிருந்தால் ஐயாவின் கட்டுரை பிரயோசனப்பட்டிருக்கும். அவரோ பத்துக் கருவிக்கும் ஆயிரம் கருவிக்கும் ஒரே மல்ற்றிமீற்றரை நீட்டுகிறார்.

அவருடைய சொல்லுக்கு இன்னும் மதிப்பிருக்கிற அலுவலகங்கள் உண்டு. அடுத்த கேள்விப்பத்திரம் அவர் மேசைக்கு வரும்போது, அனலொக் உள்ளீட்டு அட்டை ஹார்ட் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்கட்டும். அதற்கும் மறுப்பு எழுதுவதானால், முதலில் ஏதாவது ஒரு ட்ரான்ஸ்மிற்றரின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு எழுதட்டும். ஸ்குரூடிரைவர் நான் தருகிறேன்.