எது ஏது?

மணிமேகலையை அமுதசுரபியின் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். 29ஆம் காதை வந்ததும் பலர் ஏட்டைப் புரட்டிவிடுவார்கள். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும் இடம் அது. ஒரு கூற்று மெய்யா பொய்யா என்பது அங்கே அடுத்த கேள்விதான். வாதத்துக்குள் அது என்ன வேலை பார்க்கிறது என்பதே முதல் கேள்வி.

மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டியது. அங்கே புகை தெரிவது ஏது, அதாவது காரணம். புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களை திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. நியாய நூலார் உபநயம், நிகமனம் என மேலும் இரண்டைச் சேர்ப்பார்கள். உபநயம், அடுக்களையில் கண்டதை இந்த மலைக்குப் பொருத்திக் காட்டுவது. நிகமனம் வேறொன்றுமில்லை, பக்கத்தையே 'ஆகவே' போட்டுத் திரும்பச் சொல்வதுதான். அது கூறியது கூறல் என்பதுபோல, கடைசி இரண்டையும் திட்டாந்தத்திலேயே அடக்கிவிடுகிறது மணிமேகலை. எனக்கென்னவோ நியாய நூலார் சொல்வதே சரி என்று படுகிறது. சொல் ஒன்றானாலும், முதலில் வரும்போது அது வாங்கிய கடன், முடிவில் வரும்போது தீர்த்த கடன்.

பிழைகளின் பட்டியல் இன்னும் நுட்பமானது: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. ஏதுப்போலிகளில் அன்னியதராசித்தம் என்றொரு வகை உண்டு. ஒலி நிலையற்றது, ஏனெனில் அது செய்யப்படுவது என்கிறார் ஒருவர். சாங்கியர் உடனே மறுப்பார்: ஒலி செய்யப்படுவதில்லை, ஏற்கெனவே இருப்பது வெளிப்படுகிறது, அவ்வளவே. அந்த நொடியில் ஏதுவாக வந்தது தன் தகுதியை இழந்து, தானே நிறுவப்பட வேண்டிய பக்கமாகிவிடுகிறது. எதிராளி ஒப்பாத ஒன்றைக் காரணமாக வைத்து மேலே போக முடியாது.

13ஆம் நூற்றாண்டில் சைவரான மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் மேற்கோள் (பக்கம்தான்), ஏது, எடுத்துக்காட்டு என்றே பிரித்து விளக்கினார். உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது என்பதை முதலில் மேற்கோளாக வைத்து நிறுவுகிறார். நிறுவியதன் மேல் நின்றுகொண்டுதான் அதற்கொரு முதல்வன் உண்டு என்று அடுத்த அடி வைக்கிறார். பௌத்தரும் சைவரும் கொள்கையில் எதிரெதிர் துருவங்கள். வாதத்தை அடுக்கும் முறையிலோ ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பிற்காலத்தில் அந்தப் பௌத்தத் தருக்கத்தைச் சொல்லித் தரத் தமிழில் ஆளில்லாமல் போயிற்று. 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பௌத்த நூற்பொருளை விளங்கிக்கொள்ள வடமொழியும் ஆங்கிலமும் அறிந்த ரங்காசாரியாரின் துணையை நாட வேண்டியிருந்தது.

இன்றைய விவாதங்களில் சான்றுக்குப் பஞ்சமில்லை. எது ஏது, எது பக்கம் என்று கேட்கும் பழக்கம்தான் அருகிவிட்டது. கிராமத்துப் பள்ளி ஒன்றை மூடும் பேச்சு வருகிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது, ஆகவே மூடலாம் என்கிறார் அதிகாரி. அவருக்கு அது ஏது. எண்ணிக்கை குறையக் காரணம் இரண்டு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று விட்டதுதான் என்கிறார் ஊர்க்காரர். அவருக்கு அதே கூற்று காரணம் சொல்லப்பட வேண்டிய விளைவு. எண்ணிக்கையில் இருவருக்கும் தகராறே இல்லை. ஆனாலும் கூட்டம் முழுக்க வருகைப் பதிவேட்டைப் புரட்டுவதிலேயே கழிகிறது. ஆசிரியரைப் போட்டால் பிள்ளைகள் திரும்புவார்களா என்பதுதான் அங்கே நிறுவப்பட வேண்டிய பக்கம். அதை யாரும் எடுப்பதில்லை.