பார்த்துச் சொன்னவன் துப்பறிந்தவன் ஆகமாட்டான்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘மர்டில்’ விளையாட்டு ஓடுகிறது. தினம் ஒரு கொலை. யார், எதனால், எங்கே என்று குறிப்புகளைக் கொண்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்றாகக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். 11 வயதுப் பேத்தி நோட்டில் கட்டம் போட்டு நாற்பது நிமிடத்தில் கண்டுபிடித்தாள். கல்லூரியில் படிக்கும் அவள் அண்ணன் அதற்கு முன்பே ‘ஒன்றரை நிமிடம்’ என்று போட்டிருந்தான். நாலு நாள் இப்படியே. ஐந்தாம் நாள், “எனக்கு மூளை கம்மி தாத்தா” என்று நோட்டை மூடிவிட்டாள்.

பிறகுதான் சங்கதி தெரிந்தது. பிள்ளையாண்டான் முதலில் பிரௌசரில் இன்காக்னிட்டோ பக்கத்தைத் திறந்து ஆடி, விடையைத் தெரிந்துகொள்கிறான். பிறகு வழக்கமான பக்கத்தில் புதிதாக ஆடுவதுபோல் ஆடி நேரத்தைப் பகிர்கிறான். கேட்டால், “விளையாட்டுதானே தாத்தா!”

இது புதிதும் இல்லை. 2022 தொடக்கத்தில் உலகமே ‘வேர்டில்’ ஆடியபோது, வரப்போகும் விடைகள் எல்லாம் அந்தப் பக்கத்தின் நிரலிலேயே வரிசையாக இருந்தன. திறந்து பார்த்துவிட்டு, முதல் முயற்சியிலேயே சொன்னேன் என்று மார்தட்டியவர்கள் உண்டு.

ஐடியில் இருக்கும் என் மாணவர்கள் சிலர், “நிரலைக் குடைவதும் துப்பறிதல்தானே சார்?” என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப், எஸ்.க்யூ.எல். கற்பிக்கவே ஒரு கொலை வழக்கை விளையாட்டாக்கியிருக்கிறது. அதில் விடை ஒளிந்திருக்கும் இடத்தை ஒருவன் தோண்டி எடுத்தால், அதுவும் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் “தோண்டி எடுத்தேன்” என்று சொல்ல வேண்டும். “கண்டுபிடித்தேன்” என்று சொன்னால் அது பொய்.

தஞ்சாவூர் போகும் வழியில் இருக்கிற வடுவூர்க்காரர் துரைசாமி ஐயங்கார் (1880–1942). அவருடைய துப்பறியும் திகம்பர சாமியார் 1950இல் சினிமாவாகவும் வந்தார். அந்த மாதிரிக் கதைகளை வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்து வளர்ந்தவன் நான். சில புத்தகங்களில், முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெயருக்கு அடியில் எவனோ பேனாவால் எழுதியிருப்பான்: ‘கொலைகாரன் இவன்தான்’. கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவன் தன் சுகத்தை மட்டும் கெடுத்துக்கொள்கிறான். பேனாக்காரன் அடுத்தவன் சுகத்தைக் கெடுக்கிறான். நம் பிள்ளை செய்தது அதைவிட மோசம். உழைத்து யோசித்த ஒரு குழந்தையைத் தன் மூளையின் மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டான்.

என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும். புத்தகத்தின் பின்பக்கத்து விடையை மட்டும் எழுதினால் நான் மார்க் போட்டதில்லை. வழிமுறைக்குத்தான் மார்க். பேத்தியின் நோட்டில் வழிமுறை இருக்கிறது.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வா. குறிப்புகளைக் காகிதத்தில் எழுதி வைக்கிறேன். தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து போடு. அதற்கு முன், அந்த ஒன்றரை நிமிடம் எப்படி வந்தது என்று நீயே அவளிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
மன்னார்குடி.