சொக்கை மாத்த முதல் ஒரு கேள்வி

எங்கட ஊர்களில் எஸ்.யூ.வி. என்று ஒருவரும் சொல்வதில்லை. கொஞ்சம் உயரமும் நாலு பெரிய ரயரும் இருந்தால் அது ஜீப். எங்கள் பட்ச் தோழன் ஒருவனின் பெரியப்பா அப்படியொரு பழைய ஜீப்பை வாங்கினார். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கிற கிராமத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஹயர் ஓடுவதுதான் யோசனை. அதில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் கிளினிக்குக்குப் போகிற வயசாளிகள், ஒப்பரேசன் முடிந்து வீடு திரும்புகிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள்.

ஜீப் உதைத்தது. கிரவல் பாதையில் எந்த வாகனமும் உதைக்கும். இது மாங்குளத்தில் ஏ9 காப்பெற் றோட்டில் ஏறின பிறகும் உதைத்தது. சின்னப் பள்ளத்தில் விழுந்தாலே முன்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒருமுறை ஒரு அம்மா, "தம்பி, தையல் பிரியப்போகுது, மெதுவாப் போங்கோ" என்று அழாக்குறையாகச் சொன்னாராம். அடுத்த கிளினிக்குக்கு அவர் வேறு வாகனம் பிடித்துவிட்டார். அவரோடு இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களும் போய்விட்டன.

கராஜில் முதலில் சொன்னது: "பழைய ஜீப் எண்டால் இப்பிடித்தான் அண்ணை." பிறகு சொன்னது: "நாலு சொக்கும் போட்டுது, மாத்துவம்." பெரியம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. சொக் நாலும் புதுசு, உதைப்பு பழசு. அடுத்தது "புஷ் எல்லாம் மாத்திப் பாப்பம்" என்றார்கள். மாற்றினார்கள். ஜீப் முந்தியதைவிட விறைத்துப்போய் வந்தது.

லீவில் அங்கே போன நாங்கள் நாலு பேரும் கலைப்பீடம். ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் வாசிக்கத் தெரியும். சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அந்த வாகனத்துக்கு எவ்வளவு காத்து வேணும் என்று அதில் போட்டிருக்கும். பெரியப்பாவின் ஜீப்பில் 29 என்றிருந்தது. காலையில், ஓட முதல், ரயர் ஆறியிருக்கிற நேரம் அளந்தால் 42. யாரோ ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற 44ஐப் பார்த்து அடித்திருக்கிறார்கள். அது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. ஓடவேண்டிய அளவு இல்லை. அதே ரயரில் 0815 என்று நாலு இலக்கமும் இருந்தது. 2015ஆம் ஆண்டின் எட்டாவது கிழமையில் செய்தது என்று அர்த்தம். பூ நல்லாத்தான் இருந்தது, இறப்பர் கல்லாகியிருந்தது.

காத்தைக் குறைத்ததும் பாதி உதைப்பு நின்றது. அதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

மிச்சப் பாதியைக் கண்டுபிடித்தவர் முறிகண்டிப் பக்கம் இருக்கிற வயசான மெக்கானிக் ஐயா ஒருவர். அவர் முதலில் ஒன்றையும் கழற்றவில்லை. பக்கத்தில் ஏறி இருந்து ஒரு ஓட்டம் போனார். "எந்த ஸ்பீட்டில? பள்ளத்தில மட்டுமா, திருப்பத்திலயுமா? ஆள் ஏத்தினால் குறையுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு கீழே படுத்துச் சின்ன அலவாங்கால் ஒவ்வொரு மூட்டையும் நெம்பிப் பார்த்தார். 'டொக்' சத்தம் ஸ்டெபிலைசர் லிங்கில். சொக்கோடு ஒப்பிட்டால் விலை குறைந்த சாமான். விறைப்புக்குக் காரணம் புதுப் புஷ்களை இறுக்கின விதம். ஜக்கில் தூக்கி, சில்லுகள் தொங்கிக்கொண்டிருக்கிற நிலையிலேயே கை இரும்புகளின் போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். வாகனம் நிலத்தில் இறங்கியதும் இறப்பர் முறுகியபடியே நிற்கும். உதைப்பும் கூடும், புஷ்ஷும் கெதியாய்க் கிழியும். நிலத்தில் பாரம் இருக்கிற நிலையில்தான் கடைசி இறுக்கு இறுக்கவேண்டுமாம். அவர் போல்ட்டுகளைத் தளர்த்தித் திரும்ப இறுக்கினார். "வீல் எலைன்மென்ற்றையும் ஒருக்கா பாத்திடுங்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் சொன்ன இன்னொன்று எங்களுக்கு மறக்காது. தேய்ந்த சொக் பெரும்பாலும் வாகனத்தை ஊஞ்சல் மாதிரி ஆட்டும். பள்ளம் தாண்டின பிறகும் முன்பக்கம் எழும்பி எழும்பி இறங்கும். இந்த ஜீப் ஆடவில்லை, குத்தியது. எண்ணெய் கசிந்த அடையாளமும் பழைய சொக்குகளில் இருந்ததாகப் பெரியப்பாவுக்கு ஞாபகமில்லை. எடுத்துப் பார்ப்பதற்கு அவை கையிலும் இல்லை. கராஜிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

முதல் கராஜ்காரரைக் கள்ளன் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அவரும் வழமையில் நடப்பதைத்தான் செய்தார். நாங்கள் சாமானுக்குக் காசு குடுப்போம், மாற்றின கூலிக்குக் குடுப்போம். அரைமணித்தியாலம் படுத்துக் கிடந்து பார்த்ததுக்குக் குடுக்கமாட்டோம். "பாத்ததுக்கும் காசோ?" என்று சண்டைக்குப் போவோம். பார்ப்பதற்குக் கூலி இல்லாத இடத்தில் மாற்றுவதுதான் பிழைப்பு. முறிகண்டி ஐயா பார்த்த கூலி என்று கேட்டபோது பெரியப்பாவே ஒரு நிமிசம் முழித்தார். சங்கிலியின் வட்டியை நினைத்தபிறகுதான் கை பொக்கற்றுக்குப் போனது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தாலும் வரியோடு சேர்ந்த விலை எங்கட சனத்துக்கு எட்டாது. இருக்கிற பழைய வாகனங்களைத்தான் இன்னும் கனகாலம் ஓடப்போகிறோம். அதனால் இது ஜீப் வைத்திருக்கிறவர்களின் பிரச்சினை மட்டுமில்லை. கிராமத்தில் அம்புலன்சுக்கு முதல் கூப்பிடுகிற வாகனம் பெரும்பாலும் இப்படியொன்றுதான்.

"இதெல்லாம் ரெக்னிக்கல் கொலிஜ் பிள்ளையளின்ர விசயம்" என்று நாங்களும் இவ்வளவு காலம் விலகி நின்றோம். எங்கள் தோழி ஒருத்தி தன் வீட்டு வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுபோய், என்ன பிழை என்று கேட்டதற்கு, "அப்பாவை வரச்சொல்லுங்கோ பிள்ளை" என்று பதில் வந்தது. அப்பாவுக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு பிரதியைப் பார்த்து ஏன், எப்படி, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்க மூன்று வருசமாகப் படிக்கிறோம். அதே கேள்வியைக் கராஜில் கேட்க வாய் வருவதில்லை.

அடுத்தமுறை உங்கள் வீட்டு வாகனம் உதைத்தால் முதலில் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கோ, ரயரின் வயசைப் பாருங்கோ. எப்போது, எங்கே உதைக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கோ. கராஜில், "மாத்த முதல் எனக்குக் காட்டுங்கோ, பாத்த கூலி தாறன்" என்று சொல்லுங்கோ. கழற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ.

சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. அந்த அம்மா மட்டும் போன கிளினிக்குக்குப் பெரியப்பாவின் ஜீப்பில் வந்தாராம்.