ஒயர் கூடையும் 40 ரூபாய்க் கூலியும்

மகளுக்குச் சென்னையில் வேலை கிடைச்சது. "சோத்து டப்பா கொண்டு போக ஒரு ஒயர் கூடை வேணும்ப்பா" என்றாள். எங்க மேலத்தெருவில் ஒரு தங்கச்சி கூடை பின்னி விற்கிறது. விலை கேட்டேன். 450 என்றது.

"ஒயர் கூடைக்கு இந்த விலையா? 300க்குக் குடும்மா" என்றேன்.

"ஒயரே 180 ஆகுதுண்ணே. வேணும்னா நீங்களே போட்டுப் பாருங்க" என்று சொல்லிட்டு உள்ளே போயிருச்சு.

எனக்கு ரோஷம் வந்துருச்சு. கட்டிலுக்குக் கயிறு பின்னுறவனுக்குக் கூடை பின்ன வராதா? கடையில் 3 கட்டு ஒயர் வாங்கினேன். வீட்டுக்காரி சின்ன வயசில் பின்னினவள். முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்தாள்.

முதல் கோளாறு வெட்டும்போதே வந்தது. அளவு ஒயர் ஒண்ணை வச்சு, அதோட பிடிச்சுத்தான் மத்த எல்லாத்தையும் வெட்டணும். நான் கடைசியா வெட்டினதை வச்சு அடுத்ததை வெட்டிக்கிட்டே போனேன். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, கடைசி ஒயர் அரை முழம் கட்டையாப் போச்சு. அதுக்கெல்லாம் ஒட்டுப் போட வேண்டியதாயிற்று.

அடுத்து, 6 வரிசை ஏறின பிறகுதான் கீழே ஒரு முடிச்சு திரும்பி விழுந்திருப்பது கண்ணில் பட்டது. அவுத்தேன். அவுத்த ஒயர் நிமிரவே இல்லை, மடிஞ்ச இடமெல்லாம் மடிப்பாவே நின்னுச்சு. தெம்பா இருந்த அன்னிக்கு முடிச்சு இறுக்கம், தூக்கம் சொக்கின அன்னிக்குத் தளர்வு. கூடை ஒரு பக்கமாச் சாஞ்சுருச்சு. கைப்பிடிக்கு எடுத்து வச்ச ஒயரை ஆட்டுக்குட்டி மென்னு வச்சது தனிக் கதை.

11 ராத்திரி, தினம் 2 மணி நேரம். விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சுருச்சு.

பிறகு கணக்குப் போட்டேன். கைதேர்ந்த அந்தத் தங்கச்சிக்கே, சமையல், மாடு கன்று வேலைக்கு நடுவில் ஒரு கூடைக்கு 3 நாள் ஆகுமாம். 450ல் ஒயர் 180 போனால் மிச்சம் 270. நாளைக்கு 90 ரூபாய். நான் கேட்ட விலைக்குக் கொடுத்திருந்தால் மிச்சம் 120தான். நாளைக்கு 40 ரூபாய்! 2024ல் நூறு நாள் வேலைக்கே நம்ம மாநிலத்துக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய்னு அறிவிச்சாங்க.

உழவர் சந்தையில் கத்திரிக்காய் விற்கும்போது, போர்டில் விலை எழுதியிருந்தும் "ரெண்டு காய் சேர்த்துப் போடுங்க" என்று கேட்பவர்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரும். விதைக்கு விலை உண்டு, உரத்துக்கு உண்டு, என் உழைப்புக்கு மட்டும் இல்லையா என்று புலம்புவேன். அதே ஆள்தான் அந்தத் திண்ணையில் போய் 150 ரூபாய் குறைக்கச் சொல்லி நின்னேன்.

2019 சனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து டவுன்காரங்களும் ஒயர் கூடையைத் தேடி வாங்குறாங்க. நல்ல விஷயம். ஆனா "கைவேலைப்பாடு, என்ன அழகு" என்று போட்டோ எடுத்துட்டு, விலை சொன்னதும் முகம் சுளிக்கிறாங்க. பாராட்டை உலையில் போட முடியாதுங்க. காசு கட்டுபடியாகலைன்னா மிஷினில் செய்த பையை வாங்குங்க, அதில் தப்பே இல்லை. கையால் செய்ததும் வேணும், மிஷின் விலைக்கும் வேணும்னு கேட்காதீங்க. பேரம் பேசத் தோணினா, இதுக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு முதல்ல கேளுங்க.

மகள் என் கூடையைப் பார்த்துட்டு, "இதுல டப்பா வச்சா குழம்பு ஊத்திரும்ப்பா" என்றாள். இப்போ அதில் வெங்காயம் கிடக்குது. நான் மறுபடி மேலத்தெருவுக்குப் போய் 450 கொடுத்து ஒரு கூடை வாங்கினேன். அந்தத் தங்கச்சி சிரிச்சுக்கிட்டே, "300க்கு வேணாமாண்ணே?" என்று கேட்டது.

நான் வாயைத் திறக்கலை.